எந்தப் பூச்சி, எவ்வளவு நேரம்? நோய் சுமக்கும் நான்கு பூச்சிகளின் கணக்கு

"உளுந்து மஞ்சளாப் போச்சு, என்ன சார் அடிக்கலாம்?"

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நம் உழவர் கூட்டம் எங்கே நடந்தாலும் இந்தக் கேள்வி வராமல் போனதில்லை. கேட்பவர் பெரும்பாலும் இயற்கை வழிக்கு வந்த முதல் வருஷத்தில் இருப்பவர். ஐந்திலைக் கரைசல் அடித்திருப்பார், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலும் அடித்திருப்பார். மஞ்சள் குறைந்திருக்காது. பொறுமை போய் மருந்துக்கடைக்கு ஓடி, அங்கே கொடுத்ததையும் அடித்திருப்பார். அதிலும் குறைந்திருக்காது. ஆனால் ஊரில் பேச்சு என்னவாக வரும்? "இயற்கை விவசாயம்னு இறங்கினான், உளுந்து போச்சு." அதோடு அவர் பழைய வழிக்கே திரும்பிவிடுவார். இப்படித் திரும்பிப் போனவர்கள் மூன்று பேரை எங்கள் பக்கத்திலேயே எனக்குத் தெரியும்.

அவர்களைத் தோற்கடித்தது இயற்கை விவசாயம் இல்லை. தின்னும் பூச்சிக்குச் செய்கிற வைத்தியத்தை, நோய் சுமக்கும் பூச்சிக்கும் செய்ததுதான் காரணம். இந்த இரண்டும் வேறு வேறு கணக்கு. அதைத்தான் இங்கே பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

தின்பது வேறு, சுமப்பது வேறு

புழு இலையைத் தின்றால், எத்தனை புழுவோ அத்தனை சேதம். பத்துப் புழுவில் எட்டைக் கொன்றால் சேதம் குறையும். செடி மறுபடி துளிர்க்கும். நோய் சுமக்கும் பூச்சி அப்படி இல்லை. உளுந்துச் செடியின் சாறை ஒரு வெள்ளை ஈ உறிஞ்சினால் செடிக்குப் பெரிய நட்டமில்லை. ஆனால் அந்த ஒரே ஈ வாயில் மஞ்சள் தேமல் வைரஸ் இருந்தால், அந்தச் செடி முடிந்தது. நச்சுயிரியால் வரும் நோய்க்குச் செடியில் அடித்துக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, ரசாயனத்திலும் கிடையாது, நம்மிடமும் கிடையாது. "என்ன அடிக்கலாம்?" என்ற கேள்விக்கு நேரான பதில், மஞ்சளான செடிக்கு எதுவும் அடித்துப் பயனில்லை என்பதுதான்.

பூச்சி நோயைச் சுமக்கும் என்பதை உலகத்தில் முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் நம்மைப் போன்ற உழவர்தான். 1880களில் ஜப்பானின் ஷிகா பகுதியில் ஹாஷிமோட்டோ என்ற நெல் விவசாயி, தன் வயலில் பயிர் குட்டையாகிப் போவதற்கும் தத்துப்பூச்சிக்கும் தொடர்பு இருப்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். வைரஸ் என்ற பொருளை அப்போது யாருக்கும் தெரியாது.

எல்லாத் தேமலுக்கும் பூச்சிதான் காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. நம் ஊரில் டி.எம்.வி. என்றால் மல்லாட்டை, எள் ரகம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது. வைரஸ் படித்தவர்களிடம் டி.எம்.வி. என்றால் புகையிலைத் தேமல் வைரஸ். உலகில் முதலில் அடையாளம் கண்ட வைரஸ் அதுதான். அது தக்காளிக்கும் மிளகாய்க்கும் நம் கை வழியாக, கத்தி வழியாகப் பரவும். அங்கே பூச்சியைத் துரத்திப் பிரயோசனமில்லை, கையைக் கழுவ வேண்டும்.

நான்கு பேரை அடையாளம் காண்போம்

வெள்ளை ஈ: இலையின் அடியில் இருக்கும். செடியைத் தட்டினால் மாவு பறப்பது போலப் பறக்கும்.

அசுவினி: குருத்திலும் இளந்தண்டிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தேன் போல ஒழுகவிடும், அதற்கு எறும்பு வரும்.

தத்துப்பூச்சி: ஆப்பு வடிவம். தொட்டால் பக்கவாட்டில் நகரும், பிறகு தத்தும்.

இலைப்பேன்: ஊசிமுனை அளவு. பூவையோ குருத்தையோ வெள்ளைத் தாளில் தட்டினால் ஓடும். இலையைச் சுரண்டி, கசியும் சாறைக் குடிக்கும்.

நான்கும் சாறு உண்பவை. நான்குக்கும் ஒரே கரைசல் அடிக்கிறோம். ஆனால் நோயை வாங்குவதிலும் வைத்திருப்பதிலும் கொடுப்பதிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்த எனக்கு இது கணக்கு வகை மாதிரிதான் தெரிகிறது. சில பூச்சி கவுண்ட்டரில் பணம் வாங்கி அடுத்த நிமிடமே கை மாற்றிவிடும். சில பூச்சி எஸ்.பி. கணக்கில் போட்டு நாலு நாள் எடுத்துச் செலவு செய்யும். சில பூச்சி ஃபிக்சட் டெபாசிட் போட்டுக் காத்திருந்து, முதிர்ந்த பிறகு சாகும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். எந்தக் கணக்கு என்று தெரிந்தால், எங்கே மறிக்கலாம் என்று தெரியும்.

கவுண்ட்டர் பணம்: பப்பாளியும் அசுவினியும்

பப்பாளியில் வளையத் தேமல் நோயைப் பரப்புவது அசுவினி. இதில் ஒரு விசேஷம் உண்டு. அசுவினி பப்பாளியில் குடியிருப்பதே இல்லை. பறந்து வந்து உட்காரும், இலையில் ஊசியை லேசாகக் குத்தி ருசி பார்க்கும், பிடிக்காமல் அடுத்த மரத்துக்குப் போகும். அந்தச் சில நொடியில் வைரஸ் ஊசிமுனையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மரத்தில் குத்தும் சில நொடியில் இறங்கிவிடும். இரண்டு மூன்று இடத்தில் குத்தினால் ஊசி சுத்தமாகிவிடும், பிறகு அது நோய் பரப்பாது.

இதற்கு எந்த மருந்து அடித்தாலும் பூச்சி சாவதற்குள் காரியம் முடிந்திருக்கும். சில சமயம் தெளிப்பால் கலைந்த அசுவினி இன்னும் பல இலையில் குத்திப் பார்க்கும். மருந்து அடித்ததாலேயே நோய் கூடும் என்பது இதனால்தான்.

மறிக்க வேண்டியது எங்கே? வரும் வழியில். பப்பாளி நடுவதற்கு ஒரு மாதம் முன்பே சுற்றிலும் இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ விதைத்துவிட வேண்டும். வரும் அசுவினி முதலில் அதில் உட்கார்ந்து குத்தும். அந்த வைரஸ் சோளத்தில் பிழைக்காது, ஊசியும் சுத்தமாகிவிடும். நோயான மரத்தைக் கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். காய் இருக்கிறதே என்று வைத்திருந்தால், அது தோட்டத்தின் நடுவில் திறந்து வைத்த கவுண்ட்டர்.

அசுவினி என்றாலே இப்படித்தான் என்றும் முடிவு கட்டக் கூடாது. வாழையில் முடிக்கொத்து நோயைப் பரப்புவதும் ஓர் அசுவினிதான். ஆனால் அது வாழை மட்டைக்கு அடியில் குடியிருக்கும், மணிக்கணக்கில் உறிஞ்சித்தான் வைரஸை வாங்கும், பிறகு சாகும்வரை வைத்திருக்கும். கீழ்ப்பழனி மலை, சிறுமலைப் பக்கத்து விருப்பாச்சி மலைவாழையை அழித்தது இந்த நோய்தான். பூச்சியோடு நோயான பக்கக்கன்றும் ஊர் விட்டு ஊர் கொண்டுபோனது. அங்கே முதல் மருந்து, கன்று எங்கிருந்து வருகிறது என்று கேட்பது.

எஸ்.பி. கணக்கு: நெல்லும் பச்சைத் தத்துப்பூச்சியும்

1984-85இல் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் நெல்லில் துங்ரோ நோய் பெரிதாக வந்தது. விழுப்புரம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. நான் வங்கி வேலையில் சேர்ந்த புதிது. பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தரச் சொல்லி வரிசையில் நின்றவர்களின் மனுக்களை எழுதிக் கொடுத்தது நினைவிருக்கிறது. "கழனி ஆரஞ்சு கலரா நிக்குது" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

துங்ரோவில் இரண்டு வைரஸ் சேர்ந்து வேலை செய்கின்றன. பயிரைக் குட்டையாக்கி மஞ்சளாக்குவது முக்கியமாக ஒன்று. அது தனியாகப் பூச்சியில் ஏற முடியாது. இன்னொன்றின் துணையோடுதான் ஏறும். பச்சைத் தத்துப்பூச்சி நோயான பயிரில் அரை மணி நேரம் உறிஞ்சினால் போதும், உடனே பரப்ப ஆரம்பிக்கும். ஆனால் ஐந்தாறு நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். இளம்பூச்சி சட்டை உரித்தாலும் தீர்ந்துவிடும். மறுபடி பரப்ப வேண்டுமானால் மறுபடி நோயான பயிருக்குப் போயாக வேண்டும்.

இதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. போய் எடுக்க இடமில்லாவிட்டால் கணக்கு காலி. அறுப்பு முடிந்த கழனியில் தாளடி மறுதாம்பாகத் துளிர்த்து நின்றால் வைரஸ் அதில் உட்கார்ந்திருக்கும். சொர்ணவாரி அறுத்ததும் உழுதுவிட்டு, ஓர் இடைவெளி கொடுத்து, ஒரே ஏரிப் பாசனத்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்குள் எல்லோருமாக நட்டால், பூச்சிக்குப் போக்கிடம் குறையும். ஒருவர் நாற்றுவிட, இன்னொருவர் பால் பிடிக்க, மூன்றாமவர் அறுக்க என்று வருஷம் முழுக்க நெல் நின்றால், என்னுடைய கழனியில் நான் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. இது தனி ஆள் வைத்தியம் இல்லை, ஊர் வைத்தியம்.

நாற்றங்காலில்தான் முதலில் பிடிக்கும். நாற்றங்காலைத் தெருவிளக்குக்குப் பக்கத்தில் போடாதீர்கள், தத்துப்பூச்சி விளக்குக்கு வரும். கொஞ்சம் தள்ளி விளக்குப்பொறி வைத்து, தினமும் எத்தனை விழுகிறது என்று பாருங்கள். 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் இங்கே உதவும். உறிஞ்சும் நேரத்தைக் குறைக்கும் எதுவும் அரை மணிக் கணக்கில் நடக்கும் வேலையைத் தடுக்கும்.

வட்டியில்லா டெபாசிட்: உளுந்தும் வெள்ளை ஈயும்

உளுந்து மஞ்சள் தேமல், வெண்டை நரம்புத் தேமல், தக்காளி இலைச்சுருட்டை, மரவள்ளித் தேமல் எல்லாம் வெள்ளை ஈயின் வேலை. இந்த வைரஸ்கள் ஊசியில் ஒட்டுவதில்லை. குடலுக்குள் போய், உடம்புக்குள் சுற்றி, எச்சில் சுரப்பிக்கு வர வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். வந்த பிறகு பல நாள், சில வைரஸில் ஆயுள் முழுவதும், ஈ உட்காரும் செடிக்கெல்லாம் கொடுக்கும்.

ஆகவே கழனிக்குள் நுழையும் ஈயை விட, கழனிக்குள் நிற்கும் முதல் மஞ்சள் செடிதான் பெரிய ஆபத்து. விதைத்த பதினைந்தாம் நாளிலிருந்து ஒரு மாதம்வரை இரண்டு நாளைக்கு ஒரு முறை வரப்பில் நடந்து பாருங்கள். இலையில் மஞ்சள் பொட்டு தெரிந்தவுடன் பிடுங்குங்கள். அதையும் விடிகாலையில் செய்யுங்கள், குளிரில் ஈ மந்தமாக இருக்கும். செடியை உதறாமல் ஒரு பையைக் கவிழ்த்துப் பிடுங்கிக் கட்டிவிடுங்கள். பத்து மணி வெயிலில் பிடுங்கி வரப்பில் போட்டால் ஈ பறந்து பக்கத்துச் செடிக்குப் போகும். வங்கியில் வராக்கடனுக்கும் இதுதான் விதி, முதல் தவணை தவறும்போதே போய்க் கேட்க வேண்டும்.

உளுந்துக்கு வம்பன் 8, வம்பன் 11 போன்ற மஞ்சள் தேமல் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. நாட்டு விதை வைத்திருப்பவர்கள் நோய் வந்த வருஷத்திலும் பச்சையாக நின்ற செடியைக் குறித்துவைத்து, அதிலிருந்து தனியாக விதை எடுக்கலாம். ஓரத்தில் இரண்டு மூன்று வரிசை கம்போ சோளமோ உளுந்துக்கு முன்பே விதைப்பது ஈ நேராக வந்து இறங்குவதைக் குறைக்கும். மஞ்சள் ஒட்டும்பொறி ஏக்கருக்கு ஐந்து போதும். அது ஈயை ஒழிப்பதற்கு இல்லை, எப்போது வந்தது என்று தெரிந்துகொள்வதற்கு. மரவள்ளிக்கு ஈயை விடக் கரணைதான் முதல் வழி, தேமல் இல்லாத செடியிலிருந்து கரணை வெட்டுங்கள்.

வட்டியோடு டெபாசிட்: எள், கத்தரி, மல்லாட்டை

எள்ளில் பூ வர வேண்டிய இடத்தில் பச்சை இலைக் கொத்தாக வரும் பச்சைப்பூ நோய் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கத்தரியில் சிற்றிலை நோய், 1939இல் கோயம்புத்தூரில் முதலில் எழுதி வைக்கப்பட்டது. இரண்டையும் ரொம்ப காலம் வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். 1967இல்தான் ஜப்பானியர்கள் மல்பெரியிலும் வேறு சில பயிர்களிலும் இந்த மாதிரி நோய்க்குக் காரணம் வேறு ஒரு நுண்ணுயிர் என்று காட்டினார்கள். இன்று அதற்கு ஃபைட்டோபிளாஸ்மா என்று பெயர்.

இதைப் பரப்புவது தத்துப்பூச்சி. நெல் தத்துப்பூச்சி போல ஐந்தாறு நாள் கணக்கு இல்லை. வாங்கிய நுண்ணுயிர் பூச்சியின் உடம்புக்குள்ளேயே பெருகும். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பரப்ப ஆரம்பிக்கும், பிறகு சாகும்வரை நிற்காது. போட்ட முதல் வட்டியோடு வளரும் கணக்கு இது. அந்த இரண்டு மூன்று வாரம் நமக்குக் கிடைக்கும் அவகாசம். பச்சைக்கொத்து தெரிந்த செடியை உடனே எடுத்தால், அதில் உண்ண வரும் புதிய பூச்சிக்குக் கணக்கு திறக்க இடமில்லை. எள்ளில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போடும் முறை இந்த நோயைக் குறைப்பதால் பரிந்துரைக்கப்படுகிறது.

மல்லாட்டை மொட்டுக் கருகல் நோயைப் பரப்பும் இலைப்பேனும் இந்த வகைதான், ஆனால் ஒரு விசித்திரம். குஞ்சாக இருக்கும்போது நோயான செடியில் உண்டால் மட்டுமே அது வைரஸை ஏற்கும். வளர்ந்த பேன் நோயான செடியில் எவ்வளவு உறிஞ்சினாலும் பரப்பாது. எனவே நோய் நம் கொல்லைக்குள் செடிக்குச் செடி ஓடுவதை விட, வெளியே நோயான செடியில் பிறந்து வளர்ந்த பேன் காற்றில் வந்து இறங்குவதுதான் அதிகம். வந்து இறங்கும் பேன் ஏறக்குறைய அத்தனைதான். கொல்லையில் செடி நெருக்கமாக இருந்தால் நோயாகும் பங்கு குறையும், முளைப்பு தவறி இடைவெளி விட்டால் கூடும். அதனால் விதைப் பருப்பைத் தேர்ந்து, பழுது இல்லாமல் முளைக்கவைப்பது இந்த நோய்க்கு ஒரு மருந்து. கம்பு ஊடுபயிரும் உதவும். திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணியில் கொடி நுனி கருகுவதும் இதே பேன் சுமக்கும் நெருங்கிய உறவுக்கார வைரஸால்தான். நோயான தர்பூசணிக்குப் பக்கத்தில் மல்லாட்டையோ தக்காளியோ வைக்கும் முன் யோசியுங்கள்.

கணக்கே இல்லாத கூரியர்: பார்த்தீனியம்

2000ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் சுமார் 2.25 லட்சம் எக்டேர் மல்லாட்டை தண்டு கருகிப் போனது. நட்டம் 300 கோடி ரூபாய்க்கு மேல். முதலில் மொட்டுக் கருகல் என்றே நினைத்தார்கள். பார்த்தால் வேறு வைரஸ், புகையிலைக் கீற்று வைரஸ் என்று பெயர். அது இருந்த இடம் பார்த்தீனியம் செடி. அந்தச் செடியில் நோய்க்குறி எதுவும் தெரியாது, பச்சையாக நிற்கும். அதன் மகரந்தத்தூளில் வைரஸ் இருக்கும். பூவில் இருக்கும் இலைப்பேன் உடம்பில் அந்தத் தூளோடு மல்லாட்டைக்கு வந்து இலையைச் சுரண்டும்போது, காயத்தில் தூள் பட்டு வைரஸ் உள்ளே போகும். பேனின் வயிற்றில் எதுவும் இல்லை, அது வெறும் கூரியர். தூள் காற்றிலும் வந்து இலையில் விழும், அங்கே ஏற்கனவே இருக்கும் பேன் மீதியைச் செய்துவிடும்.

அனந்தப்பூர் சொல்வது எளிய பாடம். விதைக்கும் முன் வரப்பு, வாய்க்கால் ஓரம், பக்கத்துத் தரிசு மூன்றிலும் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும். பூத்த பிறகு பிடுங்கினால் தூளை நாமே தூவுகிறோம். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், அரிக்கும். கொல்லையைச் சுற்றிச் சில வரிசை கம்பு, சோளம் விதைத்தால் தூளையும் பேனையும் அது பிடித்துவைக்கும்.

ஒரே பார்வையில்

அசுவினி, பப்பாளி: நொடியில் வாங்கும், நொடியில் கொடுக்கும். தெளிப்பு பயனில்லை. ஓரப்பயிர், நோய் மரம் அகற்றல்.

பச்சைத் தத்துப்பூச்சி, நெல்: அரை மணியில் வாங்கும், ஐந்தாறு நாள் வைத்திருக்கும். தாளடி உழவு, ஊர் சேர்ந்து நடவு, நாற்றங்கால் காவல்.

வெள்ளை ஈ, உளுந்து, வெண்டை: சில மணி நேரம் காத்திருந்து, பல நாள் கொடுக்கும். தாங்கும் ரகம், முதல் மாதம் பிடுங்கல்.

தத்துப்பூச்சி, எள், கத்தரி: வாரக்கணக்கில் காத்திருந்து ஆயுள் முழுவதும் கொடுக்கும். உடனே பிடுங்கல், ஊடுபயிர்.

இலைப்பேன், மல்லாட்டை: குஞ்சில் வாங்கி வளர்ந்ததும் கொடுக்கும், அல்லது தூளைச் சுமக்கும். நெருக்கமான பயிர், கம்பு, பார்த்தீனியம் ஒழிப்பு.

அப்படியானால் நம் கரைசல்கள் எதற்கு?

வீண் என்று நான் சொல்லவில்லை. மிளகாயில் இலைப்பேன் உறிஞ்சி இலை மேல்நோக்கிச் சுருண்டால், அது நோய் இல்லை, பூச்சிக் கடி. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்துப் பேன் குறைந்தால் புதுத் துளிர் நேராக வரும். துளிரும் சுருண்டே வந்தால் வைரஸ் என்று சந்தேகப்படுங்கள், செடியை எடுங்கள். நெல்லிலும் உளுந்திலும் கரைசலை நோய் தெரியும் முன், பூச்சி தெரியும்போது அடிக்க வேண்டும். 5 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதிச் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். அடிக்கும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். பொறிவண்டும் சிலந்தியும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

வரும் பட்டத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த நாளில் விதைத்தோம், மஞ்சள் பொறியில் ஈ எப்போது விழுந்தது, முதல் நோய்ச்செடி எந்த மூலையில் வந்தது, எத்தனை பிடுங்கினோம். நோய் எந்த ஓரத்திலிருந்து தொடங்குகிறது என்று இரண்டு பட்டம் எழுதினாலே தெரிந்துவிடும். அந்த ஓரத்துக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். பக்கத்துக் கழனிக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள், அவர் ரசாயனம் போடுபவராக இருந்தாலும் பரவாயில்லை. தாளடி உழுவதிலும் பார்த்தீனியம் பிடுங்குவதிலும் அவருக்கும் நமக்கும் சண்டை இல்லை.